தவணை கடந்த குத்தகை: பொத்துவிற் பகுதி நெற்காணிகளும் சட்டமும்

மட்டக்களப்புத் தேசத்தின் தென்பகுதியில், கடலுக்கும் காட்டுக்கும் இடையே அமைந்துள்ள ஊர் பொத்துவில். பழைய பிரிவின்படி இது பாணமைப் பற்றைச் சேர்ந்தது. 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே விளங்கிற்று. இங்கிருந்து வடக்கே அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை, கல்முனை ஆகிய ஊர்கள் வரை நெல்வயல்களே மக்கள் வாழ்வுக்கு ஆதாரமாயுள்ளன. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில் ‘காணி யாருடையது?’ என்ற வினாவுக்குப் பெரும்பாலும் உறுதியைப் பார்த்து விடை கூறிவிடலாம். ‘காணியில் இருப்பவர் எப்பொழுது வெளியேற வேண்டும்?’ என்ற வினாவோ அத்துணை எளிதன்று. சென்ற நூற்றாண்டின் நெற்காணிச் சட்டங்களின் வரலாறு இவ்வினாவைச் சுற்றியே அமைந்தது.

இப்பகுதியில் பெருநிலமுடையோரைப் போடியார் என்பர். அவருக்காக வயலில் நின்று உழைத்து, விளைவில் ஒரு பங்கு பெறுவோர் முல்லைக்காரர். இவரின் வேறானவர் குத்தகைக்காரர். அவர் இத்தனை அவணம் நெல் என முன்கூட்டியே பேசி, இலாப நட்டத்தைத் தாமே ஏற்றுப் பயிரிடுவார். இவ்விரு வகை ஏற்பாடுகளும் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிந்தன. போகத்துக்குப் போகம் புதுப்பிக்கப்பட்டன. பெண்மக்களுக்கு வீட்டையும் வயலையும் சீதனமாகக் கொடுப்பது இக்கரையோரத்து இரு சமூகத்தாருக்கும் உரிய வழக்கம். தந்தையோடு பேசிய பேச்சு மருமகனைக் கட்டுமோ என்ற ஐயம் திருமணத்தோடு எழும். ஆகவே குத்தகையின் முடிவு நாட்காட்டியைப் பார்த்து மட்டும் வருவதன்று. குடும்பத்தின் மாற்றத்தோடும் வரும்.

தவணை முடிந்தும் வெளியேறாதவரைப் பற்றி நாட்டின் பொதுச்சட்டம் கூறுவது யாது? ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் முன்னிருந்த சட்டங்களைத் தொடரவிட்டனர். அதனால் உரோம ஒல்லாந்தச் சட்டமே குத்தகைக்கு அடிப்படையாயிற்று. அதன்படி, தவணை முடிந்தபின் உடைமையாளர் தடையின்றி இருக்கவிட்டு, இருப்பவரும் தொடர்ந்து இருந்தால், இருவர் மனமும் ஒத்துப் புதுக் குத்தகை பிறந்ததாகக் கருதப்படும். உடைமையாளர் மறுத்தபின் இருப்பவரோ உரிமையற்றவர்; இருந்த காலத்துக்கு நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், குத்தகைக்காரர் தமக்குக் காணியைக் கொடுத்தவரது உரிமையைத் தம் குத்தகைக் காலத்தில் மறுத்தலாகாது என விதித்தது.

எனினும் உரிமையற்றவரைத் தம் கையாலேயே வெளியேற்ற உடைமையாளருக்கும் உரிமையில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, சட்டவழியன்றிக் காணியிலிருந்து நீக்கப்பட்டவர் ஓராண்டினுள் வழக்கிட்டு அதனை மீளக் கேட்கலாம். அறிவித்தல், வழக்கு, தீர்ப்பு, பின் பிஸ்கால் கையால் உடைமை ஒப்படைப்பு என்பதே முறை. வரம்பை வெட்டுவதும், விதைத்த வயலில் மாட்டை இறக்குவதும் முறையாகா.

இவ்வளவும் எழுத்து இருப்பவர்களுக்கே பெரிதும் பயன்பட்டது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிடின் செல்லாது என விதித்தது. பொய்யுறுதிகளைத் தடுப்பதே அதன் நோக்கம். வயல்வெளியில் விளைந்த பயனோ வேறு. உறுதி எழுத வசதியற்ற குடியானவர், தலைமுறையாக ஒரே வயலை உழுதும், சட்டத்தின் முன் தவணையே இல்லாதவராக நின்றார். தவணை இல்லாதபோது, ‘தவணை முடிந்தது’ என்று உடைமையாளர் எந்நாளும் கூறலாமல்லவா?

இக்குறையைத் தீர்க்கச் சட்டசபை முதன்முதல் முயன்றபோது, அம்முயற்சி இக்கரையையே தொட்டது. 1953ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் நாடு முழுவதற்கும் அன்றி, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு ஆகிய இரு மாவட்டங்களிலேயே நடைமுறைக்கு வந்தது. பொத்துவில் அன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தமையால் அதுவும் இதனுள் அடங்கிற்று. பெருநிலமுடையோரும் நிலையற்ற குடியானவரும் மிகுந்திருந்த மாவட்டங்கள் இவை என்பதே காரணம். ஆயினும் அச்சட்டம் பெரும்பயன் விளைக்கவில்லை.

அதன்பின் பண்டாரநாயக்க அரசாங்கத்தில் விவசாய, உணவு அமைச்சராயிருந்த பிலிப் குணவர்தன 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இது தவணை என்னும் கருத்தையே மாற்றியது. குடியானவரின் உரிமை நிலையானது, வாரிசுக்குச் செல்வது. போகம் முடிந்ததென்று அவரை நீக்கலாகாது. நில வாரத்துக்கும் மேலெல்லை வகுக்கப்பட்டது. அதுகாறும் விளைவில் சரிபாதி கொடுத்துவந்த இடங்களில், நாலிலொரு பங்குக்கு மேற்படாத வாரம் என்பது பெரும் மாற்றம். குடியானவர் பெரும்பான்மையாக அமையும் பயிர்ச்செய்கைக் குழுக்களும், நெற்காணி இடாப்பும் ஏற்பட்டன.

ஆனால் சட்டம் வருகின்றது என்ற செய்தியே பலரை வயலிலிருந்து இறக்கிற்று. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வெளியேற்றம் பற்றிய முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. சட்டத்தின்படி, உழுதல், விதைத்தல், அறுவடை செய்தல் என்பவற்றுள் இரண்டையேனும் செய்து, பயிரைக் காத்தும் வருபவரே பயிர்ச்செய்கையாளர். இவ்வரைவிலக்கணம் தெளிவானது; அதனை நிறுவுதலே அரிது. உடைமையாளர், ‘இவர் என் குடியானவர் அல்லர், கூலியாள்’ என்று கூறினால், இல்லையென்று காட்ட யாது சான்றுண்டு? பங்கை நெல்லாகப் பெறும் முல்லைக்காரர் நிலை இங்கு மிக இடர்ப்பட்டது. அப்பங்கைக் கூலி எனவும் கொள்ளலாம். குடியானவர் பங்கெனவும் கொள்ளலாம். கடனும் உணவும் அதே போடியாரிடமிருந்து வரும்போது அவருக்கெதிராக விசாரணைக்குச் செல்லத் துணிவோர் சிலரே. சட்டத்தின் குறைகளை நீக்க 1964ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று.

இது ஈழத்துக்கு மட்டும் உரிய அனுபவமன்று. தஞ்சை மாவட்டத்தில் 1952ஆம் ஆண்டு குத்தகையாளரையும் பண்ணையாட்களையும் காக்கச் சட்டம் வந்தது. 1955ஆம் ஆண்டு சென்னை மாநிலம் முழுவதற்கும் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவ்விரண்டும் போதாமையாலேயே 1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. மேற்கு வங்காளத்தில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய பதிவு இயக்கத்தில் அதிகாரிகள் கிராமத்துக்கே சென்று, ஊரார் கூடிய இடத்தில் வாரக்குடிகளின் பெயரை எழுதினர். பதினான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிவாயிற்று. உரிமையை வழங்கும் சட்டத்துக்கும், பெயரை எழுதும் ஏட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாறு நன்கு விளக்கும்.

மறுபக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். நிலமுடையோர் யாவரும் போடியாரல்லர். சீதனமாகக் கிடைத்த ஓரிரு ஏக்கரை, கணவனை இழந்தபின் குத்தகைக்குக் கொடுத்து வாழும் பெண்ணும் உடைமையாளரே. கொடுத்த காணி திரும்பாது என்ற அச்சம் ஏற்பட்டால், அவர் கொடுக்கவே தயங்குவார். அல்லது ஒருவர் வேரூன்றா வண்ணம் போகந்தோறும் ஆளை மாற்றுவார். காக்கப்படவேண்டிய குடியானவர் இதனால் முன்னிலும் நிலையற்றவராவார். 1973ஆம் ஆண்டின் விவசாயக் காணிகள் சட்டம், 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டம், 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் ஆகியவை இவ்விரு அச்சங்களுக்கும் இடையே வழிதேடியவையே.

கட்டடங்களைப் பொறுத்தமட்டில் காற்று வேறு திசையில் வீசியுள்ளது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போரைப் பெரிதும் காத்தது. வழக்குகள் பல்லாண்டு நீண்டன. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமோ, குத்தகை முடிந்த கட்டடத்தின் உடைமையை விரைவில் மீளப்பெறத் தனி நடைமுறையை வகுத்தது. அறுகங்குடாக் கரையிலே பயணிகள் விடுதிகளும் கடைகளும் குத்தகைக்கு விடப்படும் இக்காலத்தில் இது பொத்துவிலாருக்குப் புறம்பான செய்தியன்று. விரைந்த நடைமுறையும், எழுத்தில் தெளிவான தவணை உள்ளவர்க்கே முழுப்பயன் தரும்.

ஆகவே 1840 முதல் 2023 வரை சட்டம் ஒருகால் உடைமையாளர் பக்கமும் ஒருகால் குடியானவர் பக்கமும் சாய்ந்த போதிலும், ஒன்று மாறாதிருந்தது: பெயரும் தவணையும் எழுதப்படாதவர் எப்பக்கத்தவராயினும் தோற்றார். எழுதாத தவணை வலியவனுக்கு நாள்தோறும் முடியும். எளியவனுக்கு என்றும் தொடங்காது. போகத் தொடக்கத்தில், கமக்காரர் கூடிய கூட்டத்தில், வயலின் பரப்பும் பயிரிடுவோர் பெயரும் வாரமும் தவணையும் ஏட்டில் ஏறுமாயின், அறுவடைக்குப்பின் எழும் வழக்குகளிற் பெரும்பாலானவை எழாமலே போம். பொத்துவில் வயல்களின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.