வட்டத்துக்கு இரண்டு எல்லை

பள்ளிக் கணக்கில் வட்டம் வந்தால் 22/7 கூடவே வந்துவிடும். சமக்குறி போட்டு அதைத்தான் பை என்று எழுதுகிறோம். அந்தப் பின்னத்தை நிறுவிய ஆர்க்கிமிடீஸ் சமக்குறியே போடவில்லை. சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், வட்டத்தை அளப்பது பற்றிய சிறு நூலில் சொன்னது இவ்வளவுதான்: சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது 22/7ஐ விடக் குறைவு, 223/71ஐ விட அதிகம். பையின் வரலாற்றை, யார் எத்தனை இலக்கம் கண்டார் என்ற போட்டியாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. பிழை எவ்வளவுக்கு மேல் போகாது என்று முன்கூட்டியே சொல்ல வைத்தது ஒழுங்குப் பலகோணம். இலக்கங்கள் அதன் பின்னால் வந்தவை.

அவர் செய்த கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் ஓர் ஒழுங்கு அறுகோணம் வரைந்தால் அதன் பக்கம் ஆரத்துக்குச் சமம். ஆகவே அதன் சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்கு. வெளியே தொட்டுச் சுற்றும் அறுகோணத்துக்கோ ஏறத்தாழ 3.46 மடங்கு. வட்டம் இவ்விரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பக்கங்களை 12, 24, 48, 96 என்று இரட்டிக்க இரட்டிக்க இடைவெளி சுருங்குகிறது. வழியில் 3இன் வர்க்கமூலம் குறுக்கிடுகிறது. அதுவோ எந்தப் பின்னத்திலும் முடியாத எண். அங்குதான் அவருடைய கூர்மை தெரிகிறது. வெளிப் பலகோணத்துக்கு, உண்மையைவிடச் சற்றுக் குறைந்த 265/153ஐ எடுத்தார். உள் பலகோணத்துக்குச் சற்று மிகுந்த 1351/780. இப்படி எடுத்தால் வெளி எல்லை இன்னும் வெளியேதான் விலகும், உள் எல்லை இன்னும் உள்ளேதான் ஒதுங்கும். தோராயங்கள் கலந்தும் முடிவு பிசகவில்லை. இரண்டு எல்லைகளுக்கும் இடையே எஞ்சியது சரியாக 1/497.

எகிப்தியரும் பாபிலோனியரும் அவருக்கு முன்பே பயன்படத்தக்க மதிப்புகளை வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். வைத்திருந்தார்கள். எகிப்தியக் கணக்கில் வரும் 3.16 கூடுதல், பாபிலோனியரின் 3.125 குறைவு. ஆனால் எது கூடுதல், எது குறைவு என்று அவற்றைக் கையாண்டவருக்குத் தெரிய வழியில்லை. கி.பி. 499இல் ஆர்யபட்டர் தந்த 3.1416 இவற்றைவிட மிகத் துல்லியமானது. அது நெருங்கிய மதிப்பே என்று அவரே நேர்மையாகச் சொல்கிறார். எவ்வளவு நெருக்கம் என்பது மட்டும் அதில் இல்லை. சீனாவின் லியூ ஹுய் உள் பலகோணத்தை மட்டும் வைத்தே கணக்கிட்டாரே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் கி.பி. 263இல் அவர் செய்ததைப் பார்த்தால் மறுப்பு என் பக்கமே திரும்புகிறது. பக்கங்களை இரட்டிக்கும்போது கூடும் பரப்பை இன்னொரு முறை சேர்த்தால் வட்டத்தைத் தாண்டிவிடும் என்று கண்டு, வெளிப் பலகோணம் வரையாமலே மேல் எல்லையைப் பெற்றார். 192 பக்கங்களில் அவருக்குக் கிடைத்தவை 3.141024, 3.142704 என்ற இரண்டு எண்கள்.

சமர்கந்தின் அல்காஷி 1424இல் இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கினார். பூமியின் விட்டத்தைப் போல ஆறு லட்சம் மடங்கு விட்டமுள்ள வட்டத்திலும் பிழை ஒரு குதிரைமயிர்த் தடிமனுக்கு மேல் போகக்கூடாது என்று முதலில் வரம்பு வைத்தார். எத்தனை பக்கம் தேவை என்பதைப் பிறகு கணக்கிட்டார். வந்த விடை 80,53,06,368 பக்கங்கள். 1610இல் இறந்த லூடால்ஃப் வான் கேலன் 35 தசம இடங்கள் வரை போனார். லெய்டன் நகரில் அவருடைய கல்லறையில் பொறித்ததும் ஒரே எண்ணல்ல, 288 என்று முடியும் கீழ் எல்லையும் 289 என்று முடியும் மேல் எல்லையும்.

முடிவிலாத் தொடர்கள் வந்ததும் பலகோணம் காலாவதியாகிவிட்டதே என்பார்கள். கருவி என்ற அளவில் உண்மைதான். ஆனால் கேரளத்தில் மாதவர் வழிவந்த ஜேஷ்டதேவரின் யுக்திபாஷை என்னும் நூல், வட்டத்துக்கு வெளியே சதுரம், எண்கோணம் என்று இரட்டித்துப் போகும் முறையைச் சொல்லிவிட்டே பைக்கான முடிவிலாத் தொடருக்கு வருகிறது. அந்தத் தொடர் ஒவ்வோர் உறுப்புக்கும் மேலும் கீழுமாக மாறி மாறித் தாண்டும். ஐம்பது உறுப்பு கூட்டினாலும் ஒரு தசம இடம்தான் தேறும். மாதவர் மரபினர் நிறுத்திய இடத்தில் எஞ்சியது எவ்வளவு என்று கணித்து, அதற்கொரு திருத்தத்தைச் சேர்த்தார்கள். அவர்களுடைய மிக நுட்பமான திருத்தத்தோடு அதே ஐம்பது உறுப்புகள் பதினோரு தசம இடம் வரை சரியான விடையைத் தருகின்றன.