தோட்ட மருத்துவமனையும் ஒரு யோக மரபும்

பேரா மாநிலத் தோட்டப்புற வரலாற்றை எழுதுவோர் லயங்களையும் கள்ளுக்கடைகளையும் விரித்துரைப்பர். மருத்துவமனைகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். பேராவுடன் ஒரே கூட்டு மலாய் மாநிலங்களில் அடங்கியிருந்த நெகிரி செம்பிலானில், சிரம்பானை அடுத்த தோட்ட மருத்துவமனையொன்றில் 1913இல் பணியேற்றவர் பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி. பத்தாண்டுகள் மலாயாவில் மருத்துவம் பார்த்தபின் தாயகம் திரும்பி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். யோக வரலாறுகள் பெரும்பாலும் ரிஷிகேசத்திலேயே தொடங்குகின்றன. மலேரியாவும் கொக்கிப்புழுவும் வாட்டிய தோட்டத்திலிருந்து தொடங்குவதே முறை என்பேன்.

ஏனெனில் அவர் வழியில் மருத்துவரின் கை தெரிகிறது. கிருஷ்ணமாச்சாரியார் மைசூரில் பயிற்றிய முறை, ஆசனங்களை மூச்சோடு கோத்து இடையறாது நகர்வது, இளைஞர்க்கு உகந்தது. சிவானந்தர் மரபிலோ ஒவ்வோர் ஆசனத்திலும் நிலைத்திருந்து, இடையிடையே சவாசனத்தில் தளர வேண்டும். அவர் மாணவர் விஷ்ணுதேவானந்தர் இதனை ஆசனம், மூச்சு, தளர்வு, உணவு, தியானத்தோடு இயைந்த நற்சிந்தனை என ஐந்தாக வகுத்து, 12 அடிப்படை ஆசனங்களுடன் மேல்நாடுகளில் பரப்பினார்.

அவ்வரிசை சிரசாசனத்தில் தொடங்குகிறது. பால்மரம் சீவி மூத்த உடல்களுக்கு ஈப்போவில் கற்பிப்போர் அதனை அப்படியே பின்பற்றலாகாது. சவாசனமும் மூச்சும் முதலில் வரட்டும்.