நள்ளிரவுக் காட்சி வளர்த்த படம்: ‘ராக்கி ஹாரர்’ வரலாற்றில் உள்ளூர்த் திரையரங்கின் பங்கு

முன்னுரை

ஒரு படம் கல்ட் படமாக, அதாவது தீவிர ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொண்டாடும் படமாக, நிலைப்பதற்கு அதன் கதையையோ இயக்குநரின் துணிச்சலையோ காரணமாகச் சொல்வது வழக்கம். அமெரிக்கத் திகில் நகைச்சுவைப் படங்களின் வரலாறு வேறொரு காரணத்தையும் முன்வைக்கிறது. 1975இல் தோல்வியடைந்த ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ அரை நூற்றாண்டாகத் திரையரங்குகளில் ஓடுகிறது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்த ஒரு திரையரங்கு அப்படத்துக்கு நிலையான இடத்தையும் நேரத்தையும் தந்தது. பார்வையாளர்கள் வாய்திறக்கவும் இடம் கொடுத்தது. படத்தின் மறுவாழ்வு இவற்றிலிருந்தே தொடங்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சத்தமிடப் பழகிய பார்வையாளர்கள்

1930களிலிருந்தே அமெரிக்கத் திரையரங்குகளில் மந்திரவாதிகள் நள்ளிரவுப் பேய்க்காட்சிகளை நடத்தினர். மேடை வித்தைகளுக்கு நடுவே விளக்குகள் முழுதும் அணையும். ஒளிரும் பூச்சு பூசிய உருவங்கள் இருட்டில் மிதக்கும். ஒரு திகில் படமும் திரையிடப்படும். 1957இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் 52 ‘ஷாக்!’ என்ற தொகுப்பாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. பேய் வேடமிட்ட தொகுப்பாளர்கள் இடையிடையே தோன்றி அப்படங்களைக் கேலி செய்தார்கள். 1959இல் வில்லியம் காசில் தம் ‘தி டிங்லர்’ படத்துக்காகச் சில இருக்கைகளின் அடியில் அதிர்வு மோட்டார்களைப் பொருத்தி, மக்களை அலறச் செய்தார்.

அச்சமும் சிரிப்பும் கூட்டத்தில் சட்டென்று தொற்றிக்கொள்பவை; வாய்விட்டு வெளிப்படுபவை. திகில் நகைச்சுவையைப் பார்க்க வந்தவர்கள் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தளர்வதற்கு இந்த மரபு வழி வகுத்தது.

எல்ஜின் வகுத்த முறை

1970 டிசம்பரில், நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கை நடத்திய பென் பேரன்ஹோல்ட்ஸ், அலெஹாந்த்ரோ ஹோதரோவ்ஸ்கியின் ‘எல் தோப்போ’ படத்தை நள்ளிரவில் திரையிட்டார். பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. வாய்மொழியாகவே செய்தி பரவி, மாதக்கணக்கில் கூட்டம் வந்தது. 1973இல் ஜான் வாட்டர்ஸின் ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ அங்கே வெற்றி பெற்றது.

இதன் பொருளாதாரம் எளிமையானது. வழக்கமான காட்சிகள் முடிந்தபின் அரங்கு சும்மாதான் கிடக்கும். ஒரே ஒரு பிரதி போதும். முதல் வாரமே கூட்டம் வந்தாக வேண்டிய நெருக்கடியும் இல்லை. படம் தன் ரசிகர்களைத் தேடிக்கொள்ளும்வரை அரங்கு பொறுத்திருக்க முடிந்தது.

தோல்வியிலிருந்து வேவர்லிக்கு

ரிச்சர்ட் ஓ’பிரையன் எழுதிய ‘தி ராக்கி ஹாரர் ஷோ’ 1973 ஜூனில் லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கின் சிறிய மாடி அரங்கில் மேடையேறியது. ஜிம் ஷார்மன் அதைப் படமாக்கியபோது, ஹாமர் நிறுவனத் திகில் படங்களோடு தொடர்புடைய பிரே ஸ்டுடியோவும் ஓக்லி கோர்ட் மாளிகையும் படப்பிடிப்புத் தளங்களாயின. 1975 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான படம் பெரும்பாலான ஊர்களில் வசூலின்றி விழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் அதே முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

இதைக் கவனித்த ஃபாக்ஸ் நிறுவன விளம்பர அலுவலர் டிம் டீகன் நள்ளிரவுக் காட்சிக்கு ஏற்பாடு செய்தார். 1976 ஏப்ரல் 1 அன்று கிரீனிச் வில்லேஜின் வேவர்லி திரையரங்கில் படம் தொடங்கியது.

திரைக்கு வந்த மறுமொழி

சில மாதங்களில் பார்வையாளர்கள் திரையைப் பார்த்துப் பதில் பேசத் தொடங்கினார்கள். மழையில் நாயகி செய்தித்தாளைத் தலைக்குமேல் பிடித்து நடக்கும் காட்சியில், குடை வாங்கக் கூடாதா என்று ஒருவர் கத்தியதே முதல் மறுமொழிகளில் ஒன்று என்பது ரசிகர்கள் பேணிவரும் வரலாறு. அடுத்தடுத்த வாரங்களில் அது வழக்கமானது. திருமணக் காட்சியில் அரிசி பறந்தது. மழைக் காட்சியில் தண்ணீர்த் துப்பாக்கிகள் பீய்ச்சின. பாத்திரங்களைப் போல உடுத்தி வந்தவர்கள் திரையின் முன்னே நின்று படத்தோடு சேர்ந்து நடித்தனர்.

படத்தின் அமைப்பும் இதற்கு உதவியது. வசனங்களுக்கு இடையே நீண்ட இடைவெளிகள் உண்டு. கதைசொல்லி பார்வையாளர்களை நேராகப் பார்த்துப் பேசி, நடன அடிகளையும் விளக்குகிறார். ஆயினும் அந்த இடைவெளிகள் பகல் காட்சிகளிலும் இருந்தன. அவற்றை நிரப்பும் பேச்சு உருவாக, ஒரே கூட்டம் ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் கூட வேண்டியிருந்தது. தடுக்காத நிர்வாகமும் வேண்டியிருந்தது. பின்னர் காட்சி அருகிலிருந்த எய்ட்த் ஸ்ட்ரீட் பிளேஹவுஸுக்கு மாறியது. சால் பைரோவின் தலைமையில் ரசிகர் மன்றமும் வலுப்பெற்றது.

வீடியோவுக்குப் பின்

1980களில் வீடியோ கேசட் பரவியதும் நள்ளிரவுக் காட்சிகள் குறைந்தன. ‘ஈவில் டெட் 2’ போன்ற திகில் நகைச்சுவைகள் பலருக்கு வீட்டிலேயே அறிமுகமாயின. படம் வீட்டுக்கு வந்தது, கூட்டம் வரவில்லை. அதனால்தான் போர்ட்லண்டின் கிளின்டன் ஸ்ட்ரீட் திரையரங்கில் 1978இல் தொடங்கிய ‘ராக்கி ஹாரர்’ வாராந்தரக் காட்சி வீடியோ காலத்தையும் கடந்தது. 2020இல் பெருந்தொற்று அரங்கை மூடியபோதும், தொடர்ச்சி அறுந்துவிடாதிருக்க ஆளில்லாத அரங்கில் படத்தை ஓட்டினார்கள்.

முடிவுரை

2005இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘ராக்கி ஹாரர்’ இடம்பெற்றது. படச்சுருளுக்குப் பாதுகாப்பு உறுதியானது. அதைப் பேசவைத்த அரங்குகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. எல்ஜின் நடன அரங்காகிவிட்டது, பிளேஹவுஸ் மூடப்பட்டது. கல்ட் படம் என்பது படமும் கூட்டமும் சேர்ந்து உருவாக்கிய படைப்பு என்றால், படச்சுருளை மட்டும் காப்பது பாதி வரலாற்றைக் காப்பதே. காட்சிப் பட்டியல்களும் அரங்கு நடத்தியவர்களின் நினைவுகளும் பார்வையாளர்கள் எழுப்பிய மறுமொழிகளும் திரைப்பட ஆவணங்களாகச் சேகரிக்கப்பட வேண்டும். இன்னும் இயங்கும் சிறு அரங்குகளைக் காப்பது அந்தப் பணியின் முதல் படி.