பல்லுக்கு நிறம் பார்த்த கதை

பல் கட்டிக்கொள்ளப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். சின்னச் சின்னப் பற்கள் செருகிய ஒரு பட்டையை டாக்டர் எடுத்து, நம் பல்லருகே ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். ‘ஏ2’, ‘ஏ3’ என்று ஏதோ சொல்வார். அந்தப் பட்டைக்குப் பின்னால் 200 ஆண்டுக்கும் மேற்பட்ட கதை உண்டு.

18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொய்ப்பல் என்றால் நீர்யானைத் தந்தம். இல்லாவிட்டால் செத்தவர் பல். 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்களைக்கூடப் பிடுங்கி விற்றார்கள். இவையெல்லாம் நாளடைவில் அழுகி நாறும். துஷாத்தோ என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர் தம் பல்செட்டின் நாற்றம் பொறுக்காமல் 1774 வாக்கில் பீங்கானில் செய்து பார்த்தார். நாற்றம் போயிற்று; நிறம் என்ற தொல்லை வந்தது. பீங்கான் கிண்ணத்தின் வெள்ளை வேறு, பல்லின் வெள்ளை வேறு அல்லவா?

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் ஒரு வழி காட்டினார். எந்த நிறத்தையும் மூன்றாகப் பிரிக்கலாம்: என்ன நிறம், எவ்வளவு வெளிர், எவ்வளவு அழுத்தம். புரூஸ் கிளார்க் என்ற பல் மருத்துவர் 1931-இல் இதையே பல்லுக்குப் பொருத்தி எழுதினார். தொழிலில் அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1956-இல் ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் கொண்டுவந்த பட்டைதான் உலகெங்கும் பரவியது. ஏ என்றால் செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். நிறத்துக்குத்தான் அதில் முதலிடம்.

நம் கண்ணோ நிறத்தில் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். வெளிர், மங்கல் பிசகை உடனே காட்டிக்கொடுத்துவிடும். 1973-இல் ஸ்ப்ரௌல் என்பவர் கிளார்க் சொன்னதை மறுபடி எடுத்துப் பேசினார். முதலில் வெளிர் அளவைத் தேர்ந்தெடுக்கும் புதிய பட்டையை அதே வீட்டா 1998-இல்தான் வெளியிட்டது. கிளார்க் எழுதி 67 ஆண்டுகள் கழித்து!

நம் வயதுக்காரர்களுக்கு இது முக்கியம். வயதாக ஆகப் பல்லின் மேற்பூச்சு தேய்ந்து உள்மஞ்சள் தெரியும். நடுவில் ஒரு பல் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கிறோம் இல்லையா? பல்லுக்கும் அப்படித்தான். வேலை தொடங்குமுன்பே நிறம் பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். டாக்டர் பட்டையை எடுக்கும்போது, ‘ஜன்னல் பக்கம் வந்து பார்க்கலாமா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.