நினைவு குடியிருந்த அறை

அம்மாவின் ஸ்கான் படத்தில் மூளையின் நடுவே கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று தெரிந்தது. அது எல்லாருக்கும் உள்ளதுதான் என்றார் வைத்தியர். கீழே, காதளவில் இறங்கும் கொம்பு போன்ற பகுதிதான் அகன்றிருந்தது. சென்ட் லோரன்ட்டுக்குத் திரும்பும் மெற்றோவில் அம்மா மூன்று தரம் கேட்டார்: "எங்க போயிட்டு வாறம்?"

அந்தக் கறுப்பு வெற்றிடமல்ல, நீர். மூளைக்குள் நான்கு அறைகள்: பக்கத்துக்கொன்றாக இரண்டு, நடுவில் ஒடுங்கிய மூன்றாவது, பின்னே நான்காவது. அவற்றின் உள்ளே இருக்கும் நுண்குழாய்ப் பின்னல் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லீற்றர் நீரைச் சுரக்கிறது. ஆனால் மூளையிலும் முள்ளந்தண்டைச் சுற்றியும் ஒரு நேரத்தில் இருப்பது 150 மில்லிலீற்றர் அளவுதான். மிகுதி இரத்தத்தில் சேர்ந்துவிடும்.

4ஆம் நூற்றாண்டில் சிரியாவின் எமேசா நகர ஆயர் நெமேசியஸ், மனமே இந்த அறைகளில் குடியிருக்கிறது என்று எழுதினார். முன்னறையில் கற்பனை, நடுவறையில் சிந்தனை, பின்னறையில் நினைவு. (நம்முடைய பழைய வீடுகளின் அமைப்புப் போலத்தான்.) ஐரோப்பாவும் அரபுலகும் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பின. லியொனார்டோ டா வின்சி மாட்டு மூளைக்குள் உருகிய மெழுகைச் செலுத்தி அறைகளின் வடிவத்தை வார்த்தெடுத்தார். மிருகங்களுக்கும் இதே அறைகள் உண்டே என்று 1543இல் வெசாலியஸ் கேட்டபிறகுதான் நம்பிக்கை ஆட்டங்கண்டது.

விடையின் பெரும்பகுதி எங்கள் நகரில் கிடைத்தது. 1934இல் வைல்டர் பென்ஃபீல்ட் தொடங்கிய மொன்றியல் நரம்பியல் நிலையம், மக்கில் மெற்றோவிலிருந்து நடக்கும் தூரந்தான். இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949இல் வேலூரில் தொடங்கிய ஜேக்கப் சாண்டியும் இங்கே பயின்றவர். வலிப்புக்காகப் பென்ஃபீல்ட் ஒரு பொறியாளரின் இடது பொட்டுமடலை 1946இலும் 1951இலும் இரு கட்டமாக அகற்றினார். இரண்டாவதில் ஹிப்போகாம்பஸும் போனது. அதன்பின் அவருடைய அறிவு குறையவில்லை, தொழிலும் மறக்கவில்லை. புதிதாக நடந்தது எதுவும் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். வலப்பக்க ஹிப்போகாம்பஸ் முன்பே பழுதாகியிருக்க வேண்டும் என்று அவரும் பென்ஃபீல்டும் ஊகித்தார்கள். 1964இல் அந்த மனிதர் இறந்தபின் செய்த பரிசோதனையில் அது சுருங்கியே இருந்தது.

ஹிப்போகாம்பஸ் இருப்பது பக்க அறையின் கீழ்க்கொம்பில், அதன் தரையாக. நெமேசியஸ் அறையை மாற்றிச் சொன்னார். நீரைப் பார்த்தார், தரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் படத்தில் அந்தத் தரைதான் மெலிந்திருந்தது. விட்ட இடத்தில் நீர் பரவியிருந்தது.