சுற்றுவழி

சுற்றுவழி என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் குறையாகவே வழங்குகிறோம். பேச்சை வளர்ப்பவரிடம், "சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்" என்கிறோம். தொழுகைதோறும் நேர்வழியை இறைஞ்சும் சமுதாயத்திற்கு அதன் எதிர்ச்சொல் உவப்பாக இராததில் வியப்பில்லை. எனினும் ஒழுக்கத்தின் நேர்வழி வேறு. பயணத்தின் நேர்வழி வேறு.

கடலில் எது சுற்றுவழி என்பதைக் கலத்தின் அளவே தீர்மானிக்கிறது. கீழக்கரை, காயல்பட்டின மரக்காயர்களின் தோணிகள் வடக்கே நாகூருக்குச் செல்லப் பாம்பன் கால்வாயே நேர்வழி. பெருங்கப்பல்களுக்கோ அங்கே ஆழம் போதாது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வர அவை இலங்கையைச் சுற்றியே ஆக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அக்கால்வாயை ஆழப்படுத்தினர். 1860-இல் டெய்லர் என்பார் புதுக் கால்வாய்க்கே திட்டம் தந்தார். 2005-இல் தொடங்கிய சேது சமுத்திரப் பணியும், 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்குப் பின் முற்றுப்பெறாமல் நின்றது.

இதற்கிடையே கப்பல்கள் பெருத்தன, சுற்றுவழியே பெருவழியாயிற்று. அதன்மேல் அமைந்த கொழும்பு செழித்தது. நம் முன்னோரின் நேர்வழி சிறுகலங்களின் வழியாகச் சுருங்கிற்று. கீழக்கரையின் கடல் வாணிகம் மங்கியதற்குப் போர்த்துக்கீசியரையும் டச்சுக்காரரையும் காரணம் காட்டுவர். அது மெய்யே, ஆனால் கடலின் ஆழத்தையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும் என்பேன்.

2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி, கலங்களுக்கு வழிவிட மேலே உயர்கிறது. அதன் கீழே செல்பவை இன்றும் சிறுகலங்களே.