ஆர்ல் நகருக்குச் சென்ற ஆயர்கள்



பவுலும் பர்னபாவும் அந்தியோக்கியாவிலிருந்து எருசலேம் சங்கத்திற்குப் புறப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் நூலின் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. சங்கத்தில் பேசப்பட்டதைச் சொல்லுமுன், அவர்கள் பெனிசியா, சமாரியா வழியாகச் சென்றதையும், பிற இனத்தார் மனந்திரும்பிய செய்தியை வழியெங்கும் எடுத்துரைத்து உடன்பிறப்புகளை மகிழ்வித்ததையும் புனித லூக்கா குறிப்பிடுகிறார். இன்று நாம் அடிக்கடி கேட்கும் 'சினட்' என்ற சொல்லின் பொருளும் இதுதான். 'சேர்ந்து', 'வழி' என்னும் இரு கிரேக்கச் சொற்களின் இணைப்பு அது. அவ்வாறு வழிநடந்த சில ஆயர்களை இன்று நினைவுகூர்வோம்.

ஆண்டு 314. அதற்கு முந்தைய ஆண்டுதான் உரோமைப் பேரரசில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுரிமை கிடைத்திருந்தது. ஆனால் 303இல் தொடங்கிய கொடிய வேதகலாபனையின் காயங்கள் ஆறவில்லை. மறைநூல்களை ஒப்படைக்க வேண்டும் என்று அன்று அதிகாரிகள் கட்டளையிட்டபோது, சிலர் உயிரைக் கொடுத்தார்கள். சிலர் அஞ்சி நூல்களைக் கொடுத்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் செசீலியன் என்பவர் ஆயரானபோது, அவரைத் திருநிலைப்படுத்தியவர்களுள் ஒருவரான ஆயர் பெலிக்ஸ், மறைநூலை ஒப்படைத்தவர் என்று ஒரு சாரார் குற்றம் சாட்டினார்கள். அத்தகையவரின் கையால் பெற்ற அருள்பொழிவு செல்லாது என்றார்கள். பின்னாளில் தொனாத்துஸ் என்பவரின் பெயரால் தொனாத்தியர் என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்களே.

இது ஓர் ஊரின் பதவிச் சண்டை மட்டுமன்று. அருள்பணியாளர் தகுதியற்றவர் என்றால் அவர் கொடுத்த திருமுழுக்கும் வீண்தானா? அப்படியானால் எந்தத் தாய் தன் குழந்தை உண்மையில் திருமுழுக்குப் பெற்றது என்று உறுதியாக நம்ப முடியும்? இதுதான் கேள்வி.

313இல் திருத்தந்தை மில்தியாதெஸ் தலைமையில் உரோமையில் கூடிய ஆயர்கள் செசீலியனின் பக்கமே நியாயம் என்றார்கள். எதிர்த்தரப்பு ஏற்கவில்லை. எனவே பேரரசர் கான்ஸ்டன்டைன், பல மாநில ஆயர்களையும் இன்றைய பிரான்சின் தெற்கிலுள்ள ஆர்ல் நகருக்கு அழைத்தார். சிசிலித் தீவின் சிரக்கூசா ஆயர் கிரெஸ்துஸுக்கு அவர் எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் காத்து வைத்திருக்கிறார். மாநில ஆளுநரிடம் அரசு வண்டி பெற்றுக்கொள்ளலாம். அடுத்த நிலையிலுள்ள இருவரையும், வழியில் உதவ மூன்று பணியாளர்களையும் அழைத்து வரலாம். ஆகஸ்ட் முதல் நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்பதெல்லாம் அதில் உள்ளது.

அங்கு கையெழுத்திட்டவர்களின் பட்டியலில் பிரித்தானியாவின் மூன்று ஆயர்கள் இருக்கிறார்கள். யார்க் நகரின் எபோரியுஸ், இலண்டனின் ரெஸ்தித்தூத்துஸ், மூன்றாமவர் அடெல்பியுஸ். அவர்களுடன் ஓர் அருள்பணியாளரும் ஒரு திருத்தொண்டரும். யார்க்கிலிருந்து ஆர்ல், நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். வளைந்து செல்லும் சாலையில் இன்னும் அதிகம். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பும் தொலைவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இடையில் கடலையும் கடக்க வேண்டும். இத்தனைக்கும் வழக்கு அவர்களுடைய ஊர் வழக்கு அல்ல. கார்த்தேஜின் முகத்தையே அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் ஆப்பிரிக்கத் திருஅவையின் புண்ணைத் தங்கள் உடலின் புண்ணாகக் கருதி வந்தார்கள்.

திருத்தந்தை சில்வெஸ்தர் நேரில் வரவில்லை. இரு அருள்பணியாளர்களையும் இரு திருத்தொண்டர்களையும் அனுப்பினார். சங்கம் செசீலியன் மீதான குற்றச்சாட்டைத் தள்ளியது. மறைநூலை ஒப்படைத்தவர் என்று அரசு ஆவணங்களால் நிரூபிக்கப்பட்டவர் பதவி இழப்பார். ஆனால் அவர் அளித்த அருள்பொழிவு செல்லும் என்றது. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் திருமுழுக்குப் பெற்றவருக்கு மீண்டும் திருமுழுக்குக் கொடுக்கக் கூடாது என்றது. உயிர்ப்புப் பெருவிழாவை உலகெங்கும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்றும் தீர்மானித்தது. அருளடையாளத்தில் செயல்படுபவர் கிறிஸ்துவே என்று இன்று நாம் அமைதியாக நம்புவதற்குப் பின்னால் அந்த நெடுவழிப் பயணமும் இருக்கிறது. தொனாத்தியர் இதையும் ஏற்கவில்லை என்பது உண்மை. பிளவு பல தலைமுறைகள் நீடித்தது; புனித அகுஸ்தினாரின் காலத்திலும் அது பெரும் துயரமாக இருந்தது.

45 ஆண்டுகள் கழித்து, 359இல், இத்தாலியின் ரிமினி நகரில் இன்னொரு சங்கம் கூடியது. 400க்கும் மேற்பட்ட ஆயர்கள் வந்தார்கள். பேரரசர் கான்ஸ்தான்சியுஸ் அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் கொடுக்க முன்வந்தார். அரசனின் சோற்றை உண்பது தகாது என்று எண்ணி, பிரித்தானியா, கால், அக்குயித்தானியா பகுதி ஆயர்கள் சொந்தச் செலவில் தங்கினார்கள். பிரித்தானிய ஆயர்கள் மூவர் மட்டும் அரசின் உதவியைப் பெற்றார்கள். காரணம் வறுமை. உடன் ஆயர்கள் தம்மிடையே பணம் திரட்டித் தர முன்வந்தும், அவர்கள் அதை ஏற்கவில்லை. தனி மனிதருக்குச் சுமையாவதைவிட அரசுக் கருவூலத்திற்குச் சுமையாவதே மேல் என்று கருதினார்கள். இதைப் பதிவு செய்த சுல்பீசியுஸ் செவெருஸ் அவர்களைக் குறைகூறவில்லை, பாராட்டவே செய்கிறார்.

ஆனால் ரிமினியின் முடிவு வருத்தத்திற்குரியது. முதலில் பெரும்பான்மையோர் நீசேயா நம்பிக்கை அறிக்கையில் உறுதியாக நின்றார்கள். பேரரசரோ, தாம் விரும்பிய மழுப்பலான அறிக்கையில் கையெழுத்திடும்வரை எவரையும் ஊருக்கு அனுப்பக் கூடாது என்று அதிகாரி தௌருஸுக்கு ஆணையிட்டார். மாதங்கள் ஓடின. சலிப்பும் வீட்டு ஏக்கமும் வென்றன. ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட்டார்கள். அரசனின் சோற்றை மறுத்தவர்களையும் களைப்பு வளைத்தது.

எனினும் திருஅவை அங்கேயே விழுந்துவிடவில்லை. திருத்தந்தை லிபேரியுஸ் அந்தச் சங்கத்தை ஏற்கவில்லை. புனித ஹிலாரியின் ஊக்கத்தால் கால் நாட்டு ஆயர்கள் பாரிசில் கூடி அந்த அறிக்கையை மறுத்தார்கள். சில ஆண்டுகளில், நீசேயா நம்பிக்கையைக் காக்கும் திருஅவைகளுள் பிரித்தானியாவும் ஒன்று என்று புனித அத்தனாசியுஸ் எழுதினார். இடறியவர்கள் எழுந்தார்கள்.

அன்பார்ந்தவர்களே, நம் காலத்திலும் ஆசிய ஆயர்கள் கடல் கடந்து கூடுகிறார்கள். நம் பங்கிலிருந்தும் மறைவட்ட, மறைமாவட்டக் கூட்டங்களுக்குச் சிலர் செல்கிறார்கள். அவர்களுள் ஒருநாள் கூலியை இழந்து செல்பவரும் உண்டு. அவருடைய பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் பற்றி நம் அன்பியங்கள் எண்ணிப் பார்க்கட்டும். கேட்கக் கூச்சப்படுபவரிடம் நாமே முன்சென்று கொடுப்போம். சென்றவர், மதியச் சாப்பாட்டிற்குப்பின் எப்போது முடியும் என்று கடிகாரம் பார்த்துக் கொண்டே கைதூக்காமல், மனச்சான்று சொல்வதைப் பேசட்டும். திரும்பி வந்ததும், அங்கே கேட்டதை நம்மோடு பகிரட்டும், நாமும் கேட்போம்.

வழியும் உண்மையும் வாழ்வுமான ஆண்டவர், ஒருவர் மற்றவருக்காக நெடுவழி நடக்கும் மனதையும், களைப்பிலும் உண்மையை விடாத உறுதியையும் நமக்குத் தருவாராக. ஆமென்.